பச்சை விளிம்பு: மேட்டுப்பாத்தி கட்டிக்கொடுத்தவரிடம் ஏமாந்த கதை

காய்கறி போட மரச்சட்டம் அடித்து மேட்டுப்பாத்தி கட்டிக்கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தேன்.

நாலு பாத்தி. ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரம். அளவில் குறை சொல்ல முடியாது. 1.2 மீட்டர் அகலம் என்றால் இரண்டு பக்கமும் நின்று நடுப்பகுதியை எட்டிவிடலாம். உள்ளே கால் வைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டியதில்லை. சுவரோரப் பாத்தி என்றால் 60 செ.மீ. போதும். இதெல்லாம் அந்த ஆள் கடகடவென்று சொன்னார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன்.

"என்ன மரம்?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குன்னே பதப்படுத்தின மரம் மேடம். கரையான் அண்டாது, மழை ஒண்ணும் செய்யாது. பதினஞ்சு வருஷம் அசையாது."

"காய்கறி போடப் போறோம். விஷம் கிஷம் ஒண்ணும் இருக்காதே?"

"நூறு சதவீதம் பாதுகாப்பு. எங்க வீட்லயே இதுலதான் கீரை போட்டிருக்கோம்."

இதில் மரத்தின் பெயர் எங்கேயாவது வந்ததா? எதை ஏற்றிப் பதப்படுத்தியது என்பது வந்ததா? இரண்டும் வரவில்லை. எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. கரையான் இந்த மரத்தில் ஏன் வாய் வைப்பதில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் தலையாட்டினேன்.

வேலை இரண்டே நாளில் முடிந்தது. பலகைகளின் வெளிமுகத்துக்கு அடர்பழுப்பு வண்ணம் அடித்து, மண் நிரப்பி, மேலே வைக்கோல்கூடப் பரப்பியிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. சாயங்கால வெளிச்சத்தில் நானே ஒரு படம் எடுத்து, "அருமையான வேலை, ரொம்ப நன்றி" என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். இந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்காலத்திலேயே நீளப் பலகைகள் நடுவில் வயிறு தள்ளின. ஒரு விரல், அப்புறம் நாலு விரல். இரண்டாவது பாத்தியின் ஒரு மூலை வாயைப் பிளந்து மண்ணைக் கக்கியது. போன் செய்தால், "மரம்னா கொஞ்சம் வளையத்தான் மேடம் செய்யும், வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். வெயில் வந்தது. சரியாகவில்லை. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவும் இல்லை.

அந்தச் சமயம் பெரியப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். பாத்தியைச் சுற்றி வந்தார், ஒன்றும் பேசவில்லை. பிளந்த மூலையில் குனிந்து ஆணியைக் கையாலேயே பிடித்து இழுத்தார். வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வந்தது.

"பலகையோட தலைப்புல ஆணி அடிச்சிருக்கான்மா. அங்க நார் எல்லாம் நெடுக்கால ஓடுது, ஆணி எதைப் பிடிக்கும்? மூலைக்கு உள்ளே ஒரு கால் நட்டு, ரெண்டு பலகையையும் அந்தக் கால்ல ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். அந்தக் கால் எங்க?"

கால் இல்லை. பலகையின் கனம் அளந்தால் 25 மி.மீ. இந்த உயரத்துக்கு 40, 50 மி.மீ. வேண்டும் என்றார். அல்லது 1.2 மீட்டருக்கு ஒரு முளையாவது, இல்லை எதிரெதிர்ப் பலகைகளைக் கட்டிப் பிடிக்கிற ஒரு குறுக்குச் சட்டமாவது இருக்க வேண்டுமாம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாத்திக்குள் கிட்டத்தட்ட 1.3 கன மீட்டர் மண். மழையில் ஊறினால் அது 2 டன்னை எட்டும். அந்த மண் கீழே மட்டும் உட்காருவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுவதால், உயரத்தை இரண்டு மடங்காக்கினால் பலகை மேல் விழும் மொத்தத் தள்ளு நாலு மடங்காகிவிடும். 20 செ.மீ. பாத்திக்குச் சரியாக இருக்கிற பலகையை 45 செ.மீ. பாத்திக்குப் போட்டால் வயிறு தள்ளாமல் என்ன செய்யும்!

இதே ஆள் மொட்டை மாடியிலும் இதே அளவில் ஒன்று போடலாம் என்று ஆசை காட்டினார். நல்லவேளை, செய்யவில்லை. 45 செ.மீ. ஈர மண் என்றால் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். சாதாரண வீட்டு மாடியைப் பொதுவாக 150, 200 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் மண் கொட்டச் சொல்பவரோடு பேச்சைத் தொடரவே வேண்டாம்.

இதுவரை சொன்னது வெறும் மோசமான வேலை. காசு போச்சு, பாடம் வந்தது என்று விட்டிருப்பேன். பெரியப்பா பழுதுபார்க்கிறேன் என்று ஒரு பலகையைக் கழற்றி ரம்பத்தால் அறுத்த பிறகுதான் விஷயம் வேறாயிற்று.

அறுத்த முகத்தில் நடுப்பகுதி வெளிறிய மஞ்சள். ஓரத்தில் மட்டும் ஒரு விரல்கடை அகலத்துக்குப் பாசிப்பச்சை, கோடு கிழித்த மாதிரி. "இது வைரம் இல்லை, பூரா வெளிறு" என்றார் பெரியப்பா. மரத்தின் உள்கட்டைதான் வைரம். அதுதான் தானாக மட்காமல் நிற்கும். வெளிச்சுற்று வெளிறு. எவ்வளவு நல்ல சாதி மரமாக இருந்தாலும் அதன் வெளிறு மண்ணில் நிற்காது. அந்த வெளிறை நிற்கவைக்கத்தான் மருந்து ஏற்றுகிறார்கள். "பழைய கம்பத்தையோ தூணையோ மறுபடி அறுத்துப் பலகையாக்கியிருக்கான். மருந்து மேலோடதான் ஏறும், அதான் ஓரத்துல மட்டும் பச்சை. தூளை மூக்குல ஏத்தாதே, தள்ளிப் போ." ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் கை கழுவப் போனார்.

மரச்சில்லையும், பலகையை ஒட்டிய மண்ணையும், பாத்தி நடுவிலிருந்து எடுத்த மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சில்லில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் இருந்தன. ஆர்சனிக் என்றால் பாஷாணம். பலகையை ஒட்டிய மண்ணில் அது தெளிவாகக் கூடியிருந்தது. நடுவில் வழக்கமான அளவுதான்.

இந்த மூன்றும் சேர்ந்த மருந்துக்கு சி.சி.ஏ. என்று பெயர். 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், சொண்டி காமேசம். கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்புதான், மறுக்க முடியாது. செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரநாரோடு பிணைத்து வைக்கும். கம்பத்துக்கும் பாலத்துக்கும் அது சரி. பிணைத்து வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மழையில் கசியும் என்பதால், அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவது நின்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004 முதல் கட்டுப்பாடு வைத்தது. ஆனால் அதற்கு முன் ஏற்றிய மரம் எங்கேயும் போய்விடவில்லை. பழைய வேலியும் தளமும் கம்பமும் பிரிக்கப்படும்போது அது மறுபடி சந்தைக்கு வருகிறது. மலிவாக வருகிறது. யாராவது அதற்கு அடர்பழுப்பு வண்ணம் அடிக்கிறார்கள்.

பதறவேண்டிய அளவு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்குள் ஆர்சனிக் அதிகம் ஏறுவதில்லை. கீரைகளிலும் கிழங்குகளிலும் கூடுதலாக ஏறும். அதைவிட, கிழங்கிலும் கீரையிலும் ஒட்டிக்கொண்டு வருகிற மண்தான் வாய்க்குள் போகும் பெரிய வழி. நான் பலகையோரமாகத்தான் கேரட் போட்டிருந்தேன். பிள்ளைகள் பிடுங்கி, பாவாடையில் துடைத்துத் தின்றார்கள். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆறப்போட்டு ஒரு முறை நேரில் போய்க் கேட்டேன். "பச்சையா இருக்கறது பாசி மேடம், தண்ணி பட்டா வரும்" என்றார். பாசி மரத்துக்குள் ஒரு விரல்கடை ஆழம் போகுமா என்றேன். "அப்ப நீங்க இரும்புல போட்டிருக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். ரசீதைப் பிரித்துப் பார்த்தால் "தோட்டப் பாத்தி 4" என்று மட்டும் இருக்கிறது. மரத்தின் பெயர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, பதினைந்து வருடப் பேச்சும் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது?

அவர் போட்ட மண் தனிக்கதை. அடியில் நீளமாக பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மண்ணும் சாண எருவும் சேர்ந்த கலவை. வடிகாலுக்காம். நுண்மண்ணுக்கு அடியில் ஜல்லி இருந்தால், மேலே உள்ள மண் முழுக்க ஊறும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கவே இறங்காது. வேர் குளத்தில் நிற்கும். பிளாஸ்டிக்கைப் பக்கப் பலகைக்கு மட்டும் உள்புறமாக ஒட்டலாம், அடியைத் திறந்தே விட வேண்டும். எலி, பெருச்சாளித் தொல்லை இருந்தால் அடியில் நெருக்கமான கம்பிவலை போதும்.

இரண்டாவது பாத்தியில் தக்காளி இலைகள் கிண்ணம்போல் சுருண்டு, நுனி நூல்நூலாக வந்ததற்கும் முதலில் மரத்தைத்தான் திட்டினேன். மரம் காரணம் இல்லை. அமினோபைராலிட், குளோபைராலிட் மாதிரியான களைக்கொல்லி தெளித்த புல்லை மாடு தின்றால், மருந்து சாணத்தில் அப்படியே வரும், மக்கினாலும் எளிதில் போகாது. இதே தொல்லையால் 2008இல் பிரிட்டனில் அமினோபைராலிட் விற்பனையையே கொஞ்சகாலம் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கலவையில் மூன்று தொட்டி, எனக்குத் தெரிந்த மண்ணில் மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை போட்டேன். மூன்றே வாரத்தில் கலவைத் தொட்டிகள் மட்டும் சுருண்டன. வெளியிலிருந்து உரம் வந்தால் இப்போதெல்லாம் இந்தச் சோதனை முடியாமல் பாத்திப் பக்கமே விடுவதில்லை.

இப்போது கட்டியிருப்பது இரண்டே பாத்தி, பெரியப்பா மேற்பார்வையில். வைரம் பாய்ந்த பலகை, மருந்தும் வண்ணமும் இல்லாமல். நான்கு மூலையிலும் உள்கால், நடுவில் குறுக்குச் சட்டம், எவர்சில்வர் ஸ்க்ரூ. உயரத்தை 30 செ.மீ.க்கு இறக்கிவிட்டோம், அடியில் இருப்பதும் மண்தானே, வேர் இறங்கிக்கொள்ளும். இதற்கு நடுவே வந்த யோசனைகள் கொஞ்சமா! ரயில்வே கட்டை போடு என்றார் ஒருவர். பழைய கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் அந்த நாற்றமே சொல்லிவிடும், காய்கறிக்கு ஆகாது. சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வரும் மரத்தட்டு என்றார் இன்னொருவர். அதில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வேண்டாம். முத்திரையே இல்லாததும், மேலே ஏதோ கொட்டிக் கறைபட்டதும் வேண்டாம். இப்போது வரும் செம்பு மருந்து மரங்களில் ஆர்சனிக் கிடையாது, அதைப் பயன்படுத்துகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். எனக்கு மட்டும் மனசு வரவில்லை.

கழற்றிய பலகைகளை எரிக்கவில்லை. எரித்தால் ஆர்சனிக் சாம்பலிலும் புகையிலும் வரும். சீவி, மண்ணின் மேல் பரப்பும் மூடாக்காகவும் போடக் கூடாது. தார்ப்பாய் போட்டு மூடி, அபாயக் கழிவு எடுப்பவர்களுக்காக ஓரமாக வைத்திருக்கிறேன். பலகையை ஒட்டிய மண்ணையும் சாக்கில் கட்டி அதோடு வைத்திருக்கிறேன்.

போன வாரம் தோழி ஒருத்தி, பாத்தி கட்ட ஒருவரைப் பிடித்திருப்பதாகவும், அவர் செய்த வேலையின் படத்தைக் காட்டினார் என்றும் எனக்கு அனுப்பினாள். என் நாலு பாத்தி. சாயங்கால வெளிச்சம், வைக்கோல், நான் எடுத்த அதே படம், கீழே என் நன்றியும். இந்த முறை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், அவர்கள் அள்ளாமல் விட்டுப்போன ஒரு துண்டுக்கட்டை கிடக்கிறது. அறுத்த முகம் கேமராவைப் பார்த்து இருக்கிறது. ஓரமெல்லாம் பச்சை.