மூன்று தடவை வீடு மாறிய அலமாரி

2019-ல் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து அதே ஊர் ஃபேர்லேண்ட்ஸ், 2021-ல் அங்கிருந்து ஏற்காடு, 2024-ல் மறுபடி இறங்கி அஸ்தம்பட்டி. மூன்று தடவையும் எங்களோடு வந்தவை ஒரு தேக்குக் கட்டில், ஒரு இரும்பு பீரோ, ஆன்லைனில் வாங்கிய மூன்று கதவு பார்ட்டிகிள் போர்டு அலமாரி. பீரோவைக் கழற்ற வேண்டியதே இல்லை. தட்டுகளை உருவி, கதவைக் கயிற்றால் கட்டினால் போதும். போன இடத்தில் தரை மட்டமாக இல்லாவிட்டால்தான் பூட்டு மல்லுக்கட்டும். ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும்.

அலமாரி கதை வேறு. முதல் தடவை ஊருக்குள்ளேதானே என்று முழுசாகவே தூக்கினோம். மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் பக்கவாட்டில் இழுக்க, 'கர்ரக்' என்று சத்தம். பலகைகளைப் பிடித்திருக்கும் கேம் லாக் இரண்டு, சுற்றியிருந்த மரத்தூளோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. நிற்கும்போது பாரம் தாங்கும், சாய்த்து இழுத்தால் தாங்காது.

ஏற்காடு போகும்போது வேறு வழியே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு, சின்ன யானை வண்டி, அதன் மேல் ஆளுயர அலமாரியா? முந்தின நாளே கழற்ற உட்கார்ந்தேன். முதலில் பின்பக்க மெல்லிய அட்டையைப் பிடுங்கினேன். அங்கேதான் தப்பு. அந்த அட்டைதான் அலமாரியைக் கோணாமல் பிடித்து வைத்திருக்கிறது. அது போனதும் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய, மனைவி ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். கதவுகளைக் கீலோடு எடுத்துவிட்டு, அலமாரியைக் குப்புறப் படுக்கவைத்து, அப்புறம்தான் அட்டையில் கை வைக்க வேண்டும். கேம் லாக்கை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள், பலகையை நெம்பாதீர்கள்.

ஸ்க்ரூக்களை ஒரு தாம்பூலப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அந்தப் பை எட்டாம் நாள் புளிப்பானைக்குள் கிடைத்தது. அதுவரை துணியெல்லாம் கட்டில் மேல், நாங்கள் தரையில். இப்போதெல்லாம் அந்தந்த ஸ்க்ரூவை அந்தந்தப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன்.

மாட்டித்தர வந்த ஏற்காட்டு ஆசாரி நான் ஸ்க்ரூவை முறுக்குவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நேரா முறுக்காதீங்க. மொதல்ல எதிர்ப்பக்கமா ஒரு சுத்து சுத்துங்க, 'டிக்'னு விழும். அப்புறம் முறுக்குங்க" என்றார். பழைய மரையிலேயே ஸ்க்ரூ உட்காரும் இடம் அது. நேராக முறுக்கினால் புது மரை வெட்டும். இரண்டு தடவை அப்படி ஆனால் ஓட்டை பொதபொதவென்று ஆகிவிடும். ஏற்கெனவே அப்படி ஆனவற்றில் பெவிகால் தடவிய பல்குச்சிகளைத் திணித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் மாட்டினோம். கீல் ஓட்டைகளுக்கு நன்றாகவே தாங்கியது. கேம் லாக் பிய்ந்த இடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது; எல் வடிவ இரும்புப் பட்டை அடித்ததுதான்.

மூன்று மழைக்காலம் மலைப் பனியிலும் ஈரத்திலும் நின்றதில் அலமாரியின் அடிப்பலகை ஊறி, ஓரம் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. கட்டிலுக்கு வேறு தொல்லை, போல்ட் எல்லாம் துரு. ராத்திரியே தையல் மிஷின் எண்ணெய் விட்டு வைத்தால் காலையில் ஸ்பேனருக்கு மசிந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது வண்டியில் பலகைகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, நடுவில் போர்வை கொடுத்துக் கட்டினோம். கண்ணாடிக் கதவையும் அப்படித்தான். வளைவுக்கு வளைவு மனைவி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீறல்கூட இல்லை.

அஸ்தம்பட்டியில் அலமாரி நிற்கிறது, ஆனால் நடுக் கதவு சாத்தாது. இன்னொரு தடவை கழற்றினால் தாங்காது. அடுத்த வீடு மாறினால் இங்கேயே விட்டுவிடுவேன். கட்டில் எங்கள் தாத்தா செய்யச் சொன்னது. சட்டம் சேரும் ஒவ்வொரு மூலையிலும் உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, நான்கு கோடு வெட்டியிருக்கிறார் அந்தக் காலத்து ஆசாரி. கோட்டுக்குக் கோடு சேர்த்துப் போல்ட் போட இருபது நிமிடம்தான்.