கல் எடுக்கக் காணி கேட்டா குத்தகையோ, விக்கிறதோ?

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, இலங்கையின்ர 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்க சுரங்கங்கள் கனியங்கள் சட்டப்படி நிலத்துக்குக் கீழ இருக்கிற கனியம் அரசாங்கத்தின்ர, காணி உறுதி உங்கட பேரில இருந்தாலும். அமெரிக்காவில மாதிரி கனிய உரிமையை மட்டும் பிரிச்சு விக்கேலாது, நாங்கள் குடுக்கிறது காணியைத்தான்.

வித்தா காசு ஒரேயடியா கையில, தலையிடி முடிஞ்சுது. ஆனா பங்குக் காணியெண்டால் தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்கச் சட்டப்படி, மற்றப் பங்காளிக்கு முதல் வாங்கிற உரிமை இருக்கு, கனடாவில இருக்கிற மச்சானைக் கேக்காமல் எழுதினா பேந்து வழக்குத்தான்.

குத்தகையெண்டால் காணி உங்கட பேரிலயே நிக்கும், ஆனா திரும்பி வரேக்க என்ன வரும் எண்டதுதான் கேள்வி. எங்கட யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், நல்லதண்ணி அதுக்குள்ளதான் நிக்குது, கண்டபாட்டுக்கு ஆழமாத் தோண்டினா உப்புத்தண்ணி ஏறலாம், உங்கட கிணறு மட்டுமில்லை பக்கத்து வளவுக் கிணறும் போச்சு. அதால எத்தனை அடி, குழியை ஆர் மூடுறது, காசு ஏத்திற லொறி லோட்டுக்கா மாசத்துக்கா எண்டு எல்லாம் எழுத்தில வரவேணும், ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதாட்டி செல்லாது. என்னைக் கேட்டா மாசக் காசுதான் நல்லம், லோட்டை ஆர் நிண்டு எண்ணுறது?