ஆறு ஆண்டுகளாக என் மகனுக்கு விடும் கண்சொட்டு மருந்து

விழித்திரைப் பிளவு என்ற கண் நோய்க்காக, என் மகனுக்கு 8 வயதில் டோர்சோலமைடு கண்சொட்டு மருந்து தொடங்கினோம். இப்போது 14 வயது. நாளுக்கு மூன்று வேளை, இரண்டு கண்களிலும் ஒவ்வொரு சொட்டு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்த நோயைக் கேள்விப்பட்டவர் யாரும் அப்போது எனக்குத் தெரியாது. என்னைப் போல் தவிக்கும் இன்னொரு தாய்க்காக இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் ரெட்டினோஸ்கைசிஸ், அதாவது விழித்திரைப் பிளவு. விழித்திரையின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் புரதம் சரியாக உருவாகாமல், அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் தேங்குகிறது. பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. தாயின் பார்வைக்குப் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு என் அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாமல் அடி வாங்கியவர். சோம்பேறி என்ற பெயரோடு படிப்பை விட்டு, ரப்பர் தோட்டத்தில் மரம் சீவப் போனார்.

மகனுக்கும் ஒரு கடையில் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு ஆண்டுகளை வீணாக்கினார்கள். அது இன்றும் என் மனத்தில் ஆறவில்லை. பிறகு ஈப்போவில், விழித்திரையின் அடுக்குகளைப் படமாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் அவன் விழித்திரை, அறுத்து வைத்த தேன்கூடு போல அறை அறையாகத் தெரிந்தது.

டோர்சோலமைடு உண்மையில் கண் அழுத்த நோய்க்கான மருந்து. விழித்திரையில் தேங்கும் நீரை வற்றச் செய்யவும் சிலருக்கு உதவுகிறது என்பதால் கொடுக்கிறார்கள். இதுவும் சல்ஃபா வகையைச் சேர்ந்தது என்பதால், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் மாதம் போராட்டம்தான். விட்டதும் கண் எரியும். சிறிது நேரத்தில், “வாயெல்லாம் கசக்கிறது அம்மா” என்று சோற்றைத் தள்ளிவிடுவான். கண்ணில் விடும் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குவதுதான் காரணம். சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கத் தாதி கற்றுக்கொடுத்தார். கசப்பு பாதியாகக் குறைந்தது. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பேன். 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பள்ளியில் மதியச் சொட்டை அவன் வகுப்பாசிரியை நான்கு ஆண்டுகள் தவறாமல் விட்டார். அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன்.

பலன் என்ன? முதல் ஆறு மாதத்தில் ஸ்கேனில் குமிழ்கள் நன்றாகச் சுருங்கின. பார்வை 6/24-இலிருந்து 6/18 ஆனது, அதாவது மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை அவன் 6 மீட்டரில் படிக்கும் அளவுக்குச் சற்றுத் தேறியது, அதோடு நின்றது. நான் அதிசயத்தை எதிர்பார்த்தேன், அது நடக்கவில்லை. மரபணுவின் பழுதை எந்தச் சொட்டும் சரிசெய்யாது. ஆனால் மூன்றாம் ஆண்டில் மருந்து கிடைக்காமல் ஏழு வாரம் நின்றுபோனது. அடுத்த ஸ்கேனில் அதே தேன்கூடு மறுபடியும் தெரிந்தது. திரும்பத் தொடங்கிய பிறகு மெல்ல வற்றியது. இந்த மருந்து என் மகனுக்கு வேலை செய்கிறது என்று நான் முழுமனத்தோடு நம்பியது அன்றுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பந்து விளையாட்டை நிறுத்தச் சொன்னார்கள். தலையிலோ கண்ணிலோ அடிபட்டால் விழித்திரை கழன்றுவிடலாம், உள்ளே இரத்தம் கசியலாம். அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. இப்போது கோயில் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். தைப்பூசத்திற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வீடு அதிரும்.

என் தங்கைக்கு 3 வயதில் ஒரு மகன். அடுத்த மாதம் அவனை ஈப்போவுக்கு அழைத்துப் போகிறோம். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு இரண்டு மகள்கள்; தந்தைக்கு இந்த நோய் இருந்தால் மகள்கள் எல்லாரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள். 51 வயதில், முதல்முறையாக, அவர் கண்ணையும் ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள்.