வவுனியாவில் வாங்கிய பழைய ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ்

எங்களிடம் இருப்பது டொயோட்டா கொறோலா 121, ஓட்டோமற்றிக் கார். பின்னேரங்களில் முள்ளியவளையிலிருந்து வட்டுவாகல் பாலம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்புவதுதான் இப்போது அதற்குப் பெரிய வேலை. போன வைகாசியில் றிவேஸ் போட்டால் மூன்று நாலு செக்கன் யோசித்துவிட்டுத்தான் பிடித்தது. ஆனியில் ஒட்டுசுட்டான் தாண்டும்போது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, கார் இழுக்கவில்லை. ஒயில் குச்சியை உருவி மணந்து பார்த்தேன். கருகின மணம்.

கராஜ் பாஸ் முதலில் சொன்னது, "அண்ணை, மனுவல் ஏத்துவம். செலவு பாதிதான் வரும்." நியாயமான யோசனை. ஆனால் 2009 இல் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கிளச் மிதிக்கிற காலையும் சேர்த்து வாங்கித் தருவீரோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு வவுனியாவில் ஒரு கடையைச் சொன்னார். வேறு கார் மாற்றுவது நடக்காத கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை. 2025 இல் திறந்துவிட்டபோது வரி வந்து நின்றது.

கடை ஏ9 ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பழைய டயர்களின் மேல் கியர்பொக்ஸ்களைக் குந்த வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அறைக்குள் இருக்கும் தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று. அதில் கியர்பொக்ஸ் பெயர் இருக்கிறது: யூ 340 ஈ. அங்கே அந்த இனத்தில் மூன்று கிடந்தன. ஒன்று பின்பக்கத் தண்டுக்கும் வாய் வைத்தது, நாலு சில்லும் இழுக்கிற காருடையது; அதைத் தொடவே இல்லை. மற்ற இரண்டில் ஒன்றைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மற்றது எண்ணெயும் புழுதியுமாக அழுக்கோடு கிடந்தது.

கடைத் தம்பி கையைக் காட்டியது பளபளப்பை. நான் கேட்டது அழுக்கை. கழுவினதில் எங்கே கசிந்தது என்று தெரியாது. அழுக்கில் எங்கே கசியவில்லை என்பதும் தெரியும். இரண்டிலும் கொஞ்சம் ஒயில் எடுத்து வெள்ளைக் கடதாசியில் விட்டேன். பளபளப்புக்காரனுடையது கறுப்பு, அதே கருகின மணம்தான். அழுக்கனுடையது பழுப்புச் சிவப்பு, நடுவில் துகள் இல்லை.

இந்தக் கடையை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்ததுதான். அழுக்கனின் அடித்தட்டைக் கழட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். வேறு கடையென்றால் முகம் சுளித்திருப்பார்கள். இவர், "கஸ்கெட் காசு உங்கட, கழட்டுங்கோ ஐயா" என்று சாவியை நீட்டினார். தட்டுக்குள் ஒட்டியிருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு, விரலில் தேய்த்தால் மைபோலப் பூசியது. அது வழமையான தேய்மானம். பிளேட் துண்டோ, பித்தளைச் சீவலோ விரலில் தட்டியிருந்தால் அப்படியே மூடிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா, எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கிற கொன்வேட்டர் சேர்த்து. ஏழு நாள் பொறுப்பு என்று பில்லில் எழுதித் தந்தார்கள்.

குறை இனித்தான். கொன்வேட்டரைக் கம்பியால் கட்டாமல் லொறியில் ஏற்றிவிட்டார்கள். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குலுங்கி வந்ததில் அது தண்டை விட்டு முன்னால் வந்துவிட்டது. பார்வைக்கு இருந்த இடத்தில் இருப்பதுபோலவே இருக்கும். அப்படியே எஞ்சினோடு வைத்து நட்டை இறுக்கினால் உள்ளே ஒயில் பம்ப் உடையும். வாங்கிய சாமான் ஓடாமலே சாகும். பாஸ் குந்தியிருந்து, கொன்வேட்டரை இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினார். 'டக்' என்று ஒரு தரம். இன்னும் சுற்றினார். இரண்டாவது 'டக்'. அப்புறம் வாய் விளிம்பில் இரும்புக் கோலை வைத்து, உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பழைய பெட்டியோடு ஒப்பிட்டு அளந்தார். அந்த அரை மணித்தியாலத்துக்கே அவருக்குத் தனிக் கூலி கொடுக்கலாம்.

'பி'யிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் எடுக்க விடுகிற நியூட்ரல் சுவிட்சின் கொனக்டர் உடைந்திருந்தது, அதையும் கடை சொல்லவில்லை. என் பழைய சுவிட்சையே மாற்றிப் போட்டோம். முதல் நாள் 'பி'யில் ஸ்டார்ட் எடுக்கவில்லை; சுவிட்சைக் கொஞ்சம் திருப்பி இறுக்கிய பிறகு எடுத்தது. கியர் ஒயிலை ஆற்றுவதற்கு றேடியேற்றருக்குள் ஓடும் கூலர் குழாயைப் பாஸ் புது ஒயில் விட்டுக் காற்றடித்துக் கழுவினார். பழைய கியரின் கருகல் அங்கே தங்கியிருந்தால் புதியதற்குள்தானே வரும். குச்சியில் எழுதியிருந்த ரீ-ஃபோர் என்ற டொயோட்டா ரக ஒயிலையே விட்டோம். மலிவுச் சிவப்பு ஒயிலை வாங்கச் சொன்ன நண்பர் இன்னும் என்னோடு கோபம்.

நாலு மாதம் ஆகிறது. காலையில் குளிரில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, இரண்டு கிலோமீற்றரில் போய்விடும். நேற்று வட்டுவாகலில் நிறுத்தித் திருப்ப றிவேஸ் போட்டேன், லீவரை விட்டுக் கை எடுக்குமுன் பிடித்தது. கொனக்டரை மட்டும் கடைத் தம்பி "அடுத்த லொறியில் அனுப்புறன் ஐயா" என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்.