நேரான கண்ணாடி, நேராகாத படம்: 29 அங்குல ஃபிளாட் டியூப் தொலைக்காட்சியுடன் 18 ஆண்டுகள்

சென்ற மாதம் என் வீட்டு 29 அங்குல ஃபிளாட் பிக்சர் டியூப் தொலைக்காட்சி பழுதாகி, மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அதே வாரத்தில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் உறவினர் வீட்டில் இதே போன்ற பெரிய பெட்டி ஒன்று சும்மா கிடப்பதாகவும், பழைய வீடியோ கேசட்டுகளையும் விளையாட்டுக் கருவிகளையும் இணைத்துப் பார்ப்பதற்காக அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். 18 ஆண்டுகளாக அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த யோசனைதான் இது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான பெருமை. இருட்டான காட்சியில் இந்தத் திரை இருட்டாகவே இருக்கும். குழாயின் பின்முனையிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை விழாத இடத்தில், கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து விளக்கு எதுவும் எரிவதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஒன்றைப் பார்க்கும்போது படம் எங்கே முடிகிறது, பெட்டியின் சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகும். அசைவும் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் மட்டும் மின்னி அடங்குவதால், வேகமாக உருண்டோடும் பந்து வால் முளைக்காமல் பந்தாகவே கண்ணுக்குத் தெரிகிறது, எல்.சி.டி. திரை ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை பிடித்து வைத்துக்கொள்வதால் அதே பந்து அங்கே இழுபட்டுத் தெரிகிறது. பழைய கேசட்டின் மங்கலான பதிவும் இதில் பொருத்தமாக அமர்கிறது. அந்தப் பதிவு இந்த வகைத் திரைக்காகவே எடுக்கப்பட்டது. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நேரெதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே நிறம்தான்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897-இல் உருவாக்கிய கதோடுக் கதிர்க் குழாய்தான் இந்தப் பெட்டிக்கும் மூதாதை. அதிலிருந்து வந்த தொலைக்காட்சிக் குழாய்களின் முகம் நெடுங்காலம் புடைத்தே இருந்தது. சோனி 1968-இல் கொண்டுவந்த டிரினிட்ரான் மேலிருந்து கீழாக ஏறத்தாழ நேராகவும் பக்கவாட்டில் மட்டும் வளைந்தும் இருந்தது. இரு திசையிலும் தட்டையான முகம் 1990களின் பிற்பகுதியில்தான் வீடுகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. புடைத்த கண்ணாடிக்குப் பழகிய என் கண்ணுக்கு முதல் சில நாட்கள் இந்தத் திரை உள்நோக்கிக் குழிந்திருப்பது போலவே தோன்றியது. அது பழகியபின், பழைய பெட்டியில் அறை முழுவதையும் சுருட்டிக் காட்டிக்கொண்டிருந்த பிரதிபலிப்பு இதில் இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்தத் தட்டைக்கு விலை எடை. குழாயின் உள்ளே வெற்றிடம். வெளியே ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ எடையளவுக்குக் காற்று அழுத்துகிறது. படம் தெரியும் பகுதி மட்டும் 68 செ.மீ. மூலைவிட்டமுள்ள இந்தத் திரையின் முகத்தின் மீது அது 2 டன்னுக்கு மேல் வருகிறது. வளைந்த முகம் வளைவின் வலிமையால் அதைத் தாங்கும். தட்டையான முகம் பெரும்பாலும் தடிமனால்தான் தாங்க வேண்டும். ஆகவே என் பெட்டி ஏறக்குறைய 50 கிலோ, அதில் பெரும்பகுதி முன்பக்கம். தூக்குபவர் கண்ணாடியைத் தம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் பெட்டி முன்னால் கவிழ்ந்துவிடும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருமுறை வைத்த இடத்தில் இருக்கப்போகும் பொருளுக்கு எடை ஒரு பொருட்டல்ல.

என் குறை ஒன்றே ஒன்று. செய்தி அலைவரிசைகளில் திரையின் அடியில் எழுத்துப் பட்டை ஒன்று வலமிருந்து இடமாக ஓடுமல்லவா, என் பெட்டியில் அது நேராக ஓடுவதில்லை. வலது ஓரத்தில் முளைக்கும் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன, நடுவைத் தாண்டும்வரை கோடு பிசகாமல் செல்கின்றன, இடது ஓரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது மேடேறத் தொடங்குகின்றன. ஸ்கேலைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து அளந்திருக்கிறேன்: அந்த ஒரு சாண் தூரத்தில் எழுத்தின் அடிக்கோடு 5 மில்லிமீட்டர் உயர்கிறது. ‘க’வின் கீழ்ப்பகுதியும் ‘ம’வின் அடியும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சரிவில் ஏறி மறைவதை 18 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்தி என்னவென்று கேட்டால் பல நாட்கள் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கண் அந்த மூலையில் இருக்கும்.

வளைந்த திரையில் இதே பிசகு இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே கண்ணாடியே வளைந்திருந்தது. இங்கே சட்டம் நேர், கண்ணாடி நேர், அதற்கு அரை அங்குலத்துக்குள் ஓடும் பட்டை மட்டும் கோணல். இதில் சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், கற்றையை வளைத்துவிடும் யோக் என்னும் கம்பிச்சுருள் குழாயின் கழுத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அங்கிருந்து திரையின் நடுவுக்கு உள்ள தூரத்தைவிட மூலைக்கு உள்ள தூரம் அதிகம். தட்டையான முகத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. ஆகவே சரிக்கட்டாமல் விட்டால் படத்தின் நான்கு மூலைகளும் தலையணையின் மூலைகளைப் போல வெளியே இழுபடும். அதை மின்சுற்றாலும் யோக்கின் சுற்று வடிவத்தாலும் இழுத்துப் பிடித்துத்தான் சதுரமாக்குகிறார்கள். இழுத்துப் பிடித்த துணியில் ஒரு மூலை எப்போதும் சற்றுப் பிசிறும். என் பெட்டியில் அது கீழ் இடது மூலை.

இடையில் ஒருமுறை பெட்டியை வேறு சுவருக்கு மாற்றினேன். அதுவரை கிழக்குப் பார்த்திருந்த திரை வடக்குப் பார்க்கத் தொடங்கியதும் படம் முழுவதுமே கடிகார முள்ளைப் போல ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பெட்டி கீழே விழுந்துவிட்டதோ, யாராவது இடித்துவிட்டார்களோ என்று வீட்டில் விசாரணையே நடத்தினேன். காரணம் பூமியின் காந்தப்புலம். குழாயின் அச்சு வடக்கு தெற்காக இருக்கும்போது அந்தப் புலம் கற்றைகளை மொத்தமாகச் சற்றுத் திருகிவிடுகிறது. கிழக்கு மேற்காக இருக்கும்போது அந்தத் திருகல் இல்லை. பெரிய குழாய்களில் இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருவதால்தான் மெனுவில் படச் சாய்வைத் திருத்த ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதில் மூன்று படிகள் நகர்த்தியதும் சாய்வு நின்றது. ஆன் செய்தவுடன் ‘தம்’மென்று ஒலித்து உறுமி அடங்குகிறதே, அந்த டீகாஸ் சுருள், திரைக்குப் பின்னால் உள்ள ஷேடோ மாஸ்க் என்னும் துளைத்தகட்டில் ஏறிய காந்தத்தை அழித்து நிறக் கறைகளை நீக்குமே தவிர, இந்தச் சாய்வை நீக்காது. சாய்வு போனது. மூலை மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது பழுதுக்கு வருகிறேன். ஓர் இரவு படம் திடீரென மேலும் கீழும் மடிந்து, நடுவில் கிடையாக ஒரே வெள்ளைக் கோடாகிவிட்டது. கற்றை முழுவதும் ஒரே கோட்டில் விழுந்தால் பாஸ்பர் கருகிவிடும் என்பதால் உடனே அணைத்துவிட்டேன். ஆனாலும் அந்தச் சில நொடிகளில் நான் கவனித்துவிட்டேன், அந்தக் கோடு முனைக்கு முனை துல்லியமாக நேராக இருந்தது. அப்படியென்றால் நடுவில் எந்தப் பிழையும் இல்லை. பிழை ஓரத்தில் மட்டுமே இருக்கிறது.

மெக்கானிக் பின்மூடியைத் திறந்து, பலகையில், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் ஐ.சி. சில்லின் கால்களைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். இரண்டு கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற வட்ட விரிசல், டிரை சால்டர். சூடேறியும் ஆறியும் பல ஆண்டுகளில் இப்படி விடுமாம். பற்றவைத்ததும் படம் விரிந்துகொண்டது. அவர் கிளம்புமுன் மூலையைக் காட்டினேன். ரிமோட்டில், மெக்கானிக்குகளுக்கான மறைமெனுவான சர்வீஸ் மோடுக்குள் போய், கட்டம் போட்ட படம் ஒன்றைத் திரையில் வைத்து, அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். பக்கவாட்டு ஓரங்களின் வளைவையும் சரிவையும் அவர் நிமிர்த்தியதில், 18 ஆண்டுகளில் முதன்முறையாக வலது ஓரம் நூல் பிடித்தது போல நின்றது. கீழ் ஓரத்தை மட்டும் எந்த எண்ணை மாற்றியும் அசைக்க முடியவில்லை. “நெட்டுக்கோடுகளுக்கு மெனுவில் வழி இருக்கிறது. மேலும் கீழும் இருக்கும் குறுக்குக் கோடுகளை யோக்கின் சுற்றுத்தான் தீர்மானிக்கிறது, அது தொழிற்சாலையிலேயே முடிந்துபோன வேலை” என்றார்.

கடைசியாக நாணய அளவுள்ள ஒரு சிறு காந்தத்தைக் குழாயின் பின்பக்கத்தில், அந்த மூலைக்கு நேராக ஒட்டினார். பட்டை இறங்கியது. கண்முன்னே 3 மில்லிமீட்டர் இறங்கியது. எழுந்து அருகில் போய்ப் பார்த்தேன்: வெள்ளை எழுத்துகளின் விளிம்பில் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமும் கசிந்திருந்தன, மூலையில் மெல்லிய இளஞ்சிவப்புக் கறை படிந்திருந்தது. காந்தம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று கற்றைகளையும் நகர்த்துகிறது, ஆனால் மூன்றையும் ஒரே அளவில் நகர்த்துவதில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். எழுத்துகள் வெண்மையாகி மறுபடியும் மேடேறத் தொடங்கின.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், வீட்டில் வேறு யாருக்கும் இந்த மூலை தெரிந்ததே இல்லை. நான் காட்டியபின்பும் ‘எங்கே?’ என்றுதான் கேட்டார்கள். வெளிச்சக் காட்சியில் படம் இம்மியளவு ஊதிச் சுருங்குவதும், உயர் மின்னழுத்தம் தரும் ஃபிளைபேக் மின்மாற்றி 15,625 ஹெர்ட்சில் எழுப்பும் ஊசி போன்ற கீச்சொலி சிறுவர்களின் காதில் விழுவதும் இதைவிடப் பெரிய குறைகள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவை குறைகளாகவே படவில்லை. 18 ஆண்டுகளில் ஒரே ஒரு சால்டர் பழுது என்பது எந்தப் பொருளுக்கும் பெருமைதான். இவ்வளவு நல்ல கறுப்பை, இவ்வளவு தெளிவான அசைவை இந்த வீட்டில் வேறெந்தத் திரையும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனாலும் நண்பருக்கு நேற்று நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதே. அவர் படங்களைச் சுவரில் மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர் இந்தத் திரையின் முன் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் படத்தைப் பார்க்க மாட்டார், ஓரத்தைத்தான் பார்ப்பார்.

என் பேச்சைக் கேட்காமல் எடுக்கத்தான் போகிறார் என்று தெரிந்ததால் சில விஷயங்களையும் சொல்லி வைத்தேன். உறவினர் வீட்டிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டு, குழாய் சூடேறியபின் ஓடும் பட்டையின் மீது ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே திரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, தம் வீட்டிலும் கூடியவரை அதே திசையில் வைக்க வேண்டும். பெட்டி நொடிக்கு 100 முறை படத்தைத் தீட்டும் 100 ஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் விளையாட்டுக் கருவியின் ஒளித்துப்பாக்கி அதில் வேலை செய்யாது. என்ன ஆனாலும் பின்மூடியைத் தாமே திறக்கக் கூடாது. உள்ளே 25,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், கண்ணாடி நெஞ்சுப்பக்கம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தூக்கப் போகிறாராம். இரண்டாவது ஆளாக நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு.