நெருக்கடி காலக் கள ஆய்வு நெறிமுறை: ஓர் ஆன்லைன் கோர்ஸ் பற்றி

வெள்ளம், போர், தொற்று மாதிரி நேரங்களில் கல்வி ஆய்வுக்காகப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேசப் போகிறவர்களுக்கான ஒரு ஆன்லைன் கோர்ஸை முடித்தேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

தொடக்கத்தில் 1964 ஹெல்சிங்கி பிரகடனம், 1979 பெல்மாண்ட் அறிக்கை என்று மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான அடிப்படை நெறிமுறை ஆவணங்கள். தெரிந்த சங்கதிதான், ஓட்டிவிடலாம்.

போன் பேட்டி பற்றிய பகுதிதான் கொடுத்த காசுக்கு மதிப்பு. 2020-இல் பள்ளிகள் மூடியதும் எல்லோரும் போனைத்தான் கையில் எடுத்தார்கள், ஆனால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களா, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டு நிலவரம் பற்றிய கேள்விகளை முடிந்தவரை எடுத்துவிடு, கேட்டே தீர வேண்டுமென்றால் ஆம், இல்லை என்று முடியும்படி கேள், யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையை முன்பே பேசி வைத்துக்கொள் என்று உருப்படியாகச் சொல்கிறார்கள். நிவாரணப் பொருள் கொடுக்கும் இடத்தில் ஆய்வில் கலந்துகொள்ள ஒப்புதல் கேட்காதே என்பதும் சரி. மறுத்தால் பொருள் கிடைக்காதோ என்று பயப்படுகிறவர் எப்படி மாட்டேன் என்பார்? அப்புறம், இந்தத் தகவலை இப்போதே, இவர்களிடமே கேட்க வேண்டுமா, ஏற்கனவே எடுத்த கணக்கெடுப்பில் இருக்காதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரே குடும்பத்திடம் ஆளாளுக்குப் போய் அதே கதையைக் கிளறும் கொடுமைக்கு இது ஒன்றுதான் மருந்து.

சொதப்பல் எங்கே என்றால், ஒரு பிள்ளை தன்னை அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? 'உரிய அமைப்புக்குப் பரிந்துரைக்கவும்' என்று ஒரே ஸ்லைடு. நெருக்கடியில் அந்த அமைப்பே மூடிக் கிடக்கலாம், எது திறந்திருக்கிறது என்று களத்துக்குப் போகும் முன்பே விசாரித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க முடியாது, ஆபத்து என்றால் வெளியே சொல்ல வேண்டி வரும் என்று பேட்டிக்கு முன்பே பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அதைப் பற்றி மூச்சே இல்லை. பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்கிறார்கள். முகாமில் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பது ஒரே ஒரு பெண் என்றால், யாரென்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

கடைசி வினாடி வினாவைப் பாடம் பார்க்காதவர்களும் பாஸ் செய்துவிடலாம்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதப் போகிறீர்களா, தாராளமாகச் சேரலாம். களத்துக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இந்தச் சான்றிதழை மட்டும் நம்பாமல், பேட்டி நடுவில் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பதையாவது தனியாக உட்கார்ந்து நடித்துப் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.