பெருமாள்புரமா, கே.டி.சி. நகரா?

நெல்லைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வீடு கேட்டால், பாளையங்கோட்டைப் பக்கம் இந்த இரண்டு இடங்களின் பெயர்தான் முதலில் காதில் விழும்.

பெருமாள்புரம் பழகிய இடம். வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையம் பக்கத்திலேயே; மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் பிடிக்க அலைய வேண்டாம். 1923-இல் தொடங்கிய சேவியர் கல்லூரியும் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையும் பாளைக்குள்ளேயே இருக்கின்றன. காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை. காலையில் சீக்கிரம் போனால் கீரைக்கட்டில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வாடகை கூடுதல், காரை நிறுத்தத் தெருவில் இடம் தேட வேண்டும்.

கே.டி.சி. நகர் தூத்துக்குடி சாலையும் நாற்கரச் சாலையும் சந்திக்கிற இடம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை என்றால் ஊருக்குள் நுழையாமலே போய் வரலாம். வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் நேர் சாலை. வீடுகள் புதியவை, காற்றோட்டமானவை. ஆனால் வண்டி இல்லாத வீட்டுக்கு உள்தெருக்கள் கொஞ்சம் சிரமம்தான்.

எங்கே பார்த்தாலும் முன்பணம் கொடுக்கும் முன் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் நான் பெருமாள்புரம்தான் சொல்வேன். இருவரும் வேலைக்குப் போகிற, கார் வைத்திருக்கிற வீடா? சரி, கே.டி.சி. நகர்.